பிராணவாயுக் குழாயோடு பூசைக்கு வரலாமா?



நம் பங்கில் பல வருஷமாக ஞாயிறு முதல் பூசைக்குத் தவறாமல் வந்த ஒரு மூதாட்டியார் நாலு மாதமாகக் கோவிலுக்கு வரவில்லை. நுரையீரல் வியாதியால் மூச்சு முட்டுகிறது. டாக்டர் பிராணவாயு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நான் மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை கொண்டுபோகும்போது, "பாட்டி, நீங்கள் வீட்டிலேயே இருங்கள், சீக்காளிகளுக்கு ஞாயிறு பூசைக் கடன் கிடையாது" என்று சொல்லி வந்தேன். சென்ற முறை அவர் சொன்ன பதில் இது: "கடன் இல்லையென்று தெரியும் சாமி. ஆசை இருக்கிறதே! ஆனால் இந்தக் குழாயோடு வந்து உட்கார்ந்தால், எல்லாரும் பீடத்தைப் பார்க்காமல் என் மூக்கையல்லவா பார்ப்பார்கள்?"

நான் சொன்னது திருச்சபைச் சட்டப்படி சரிதான். ஆயினும் அவருடைய ஆசையைக் கேட்டறியாமலே கோவில் கதவைச் சாத்திவிட்டேன் என்று அப்போதுதான் உணர்ந்தேன். வருகிற ஞாயிறு அவர் பூசைக்கு வருகிறார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவருக்காகவும், அவரைப் போல் வீட்டில் முடங்கியிருக்கும் மற்றவர்களுக்காகவும் நாம் சில காரியங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழாய் மரணத்தின் அடையாளமல்ல

"ஆக்ஸிஜன் வைத்துவிட்டார்கள்" என்று கேட்டவுடனே நம் ஜனங்கள் முடிவு நெருங்கிவிட்டது என்று அழத் தொடங்குகிறார்கள். இது தப்பெண்ணம். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கு பிராணவாயு இருக்கிறது. நல்ல நுரையீரலுக்கு அது போதும். வருஷக்கணக்காய் விறகடுப்புப் புகையில் சமைத்த தாய்மார், பீடி சுருட்டுப் பிடித்தவர்கள், காசநோயால் நுரையீரல் தழும்பேறியவர்கள், இவர்களில் சிலருக்கு அது போதாமற் போகிறது. விரலில் மாட்டிப் பார்க்கும் சிறு கருவி சுகமுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 95-க்குக் குறையாமல் காட்டும். ஓய்வாயிருக்கும்போதே அது 88-லோ அதற்குக் கீழேயோ நின்றால், டாக்டர் இரத்தத்தையும் சோதித்து, வீட்டிலேயே பிராணவாயு வைக்கலாமா என்று தீர்மானிப்பார். 1980-லும் 1981-லும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான இரண்டு ஆராய்ச்சிகள், இரத்தத்தில் பிராணவாயு மிகக் குறைந்த நாட்பட்ட நுரையீரல் நோயாளிகள் தினம் 15 மணி நேரமோ அதற்கு மேலோ அதை வைத்துக்கொண்டால் ஆயுள் கூடுகிறதென்று காட்டின. ஆகையால் குழாய் ஒரு ஊன்றுகோல். தடியூன்றி வருகிறவரைப் பார்த்து நாம் அழுவதில்லையே.

வெளியே கொண்டுபோவது எப்படி?

கையோடு கொண்டுபோகும் சாதனம் இரண்டு வகை. ஒன்று சிறிய சிலிண்டர். மற்றது பாட்டரியில் ஓடும் இயந்திரம். அது அறைக்காற்றை இழுத்து, நைட்ரஜனைப் பிரித்துவிட்டுப் பிராணவாயுவைக் கொடுக்கும். இந்த இயந்திரம் பெரும்பாலும் 2 அல்லது 3 கிலோ எடை. வாலிபனுக்கு இது ஒன்றுமில்லை. உடல் தளர்ந்த முதியவருக்கு 2 கிலோவும் பாரம். அதைத் தோளில் மாட்டியதாலேயே மூச்சு வாங்கும். ஆதலால் மகனோ பேத்தியோ தூக்கி வரட்டும். அல்லது சக்கரம் வைத்த வண்டியில் இழுத்து வரட்டும். சிறிய இயந்திரங்களில் பல, மூச்சை இழுக்கும்போது மட்டும் வாயுவைத் தரும். அது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. வாங்குமுன் டாக்டர் முன்னிலையில் மாட்டி நடந்து பார்ப்பது நல்லது.

புறப்படுமுன் கணக்குப் பாருங்கள். சிலிண்டரில் 300 லிட்டர் இருந்து, நிமிஷத்துக்கு 2 லிட்டர் செலவானால் 150 நிமிஷம் வரும். வழிக்கும் பூசைக்கும் திரும்பி வரவும் எவ்வளவு ஆகும் என்று கூட்டி, ஒரு மணி நேரமாவது மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலே மின்சார இயந்திரம் உள்ளவர்கள், கரண்ட் போனால் உதவ ஒரு சிலிண்டரைத் தயாராய் வைத்திருக்க வேண்டும். ஆட்டோவில் கொண்டுபோகும்போது சிலிண்டர் உருளாதபடி கட்டுங்கள்.

மூச்சு வாங்குகிறதே என்று நீங்களாக அளவைத் திருகிக் கூட்டாதீர்கள். சில நுரையீரல் நோயாளிகளுக்கு அளவு மிஞ்சினால் கரியமிலவாயு உடம்பில் தேங்கித் தலைவலியும் மயக்கமான தூக்கமும் வரும். இரக்கப்பட்டு மகள் செய்யும் காரியம் தாய்க்கு ஆபத்தாய் முடியலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த அளவே அளவு.

நெருப்பைப் பற்றி எச்சரிக்கை

பிராணவாயு தானே எரியாது. ஆனால் எரிகிற எதையும் மூர்க்கமாய் எரிய வைக்கும். குழாய் மாட்டியவர் அடுப்பண்டை நிற்கலாகாது. அவர் பக்கத்தில் ஒருவரும் பீடி பற்றவைக்கலாகாது. மூக்குக் காய்ந்து எரிந்தால் தேங்காயெண்ணெய், தைலம், வாசலீன் தடவுவது நம் வீடுகளில் வழக்கம். இவர்களுக்கு அது வேண்டாம். தண்ணீர் சேர்ந்த களிம்பை டாக்டரிடம் கேளுங்கள்.

கோவிலிலும் மெழுகுதிரி உண்டு, தூபம் உண்டு. ஆகவே இடது பக்கத்து வாசலருகே முதல் பெஞ்சியை இவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். அதைச் சுற்றி 10 அடிக்குள் திரி ஏற்றக்கூடாது. சுரூபத்தின் முன் திரி ஏற்ற விரும்பும் சீக்காளிக்காக வீட்டார் ஏற்றட்டும்; தூரத்தில் இருந்து செய்யும் செபமும் பரலோகத்தில் கேட்கும். பிள்ளைகள் குழாயை மிதிக்காதபடி பெற்றோர் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோயாளிகளுக்குத் திருச்சபை காட்டும் சலுகை

நிற்க, முழந்தாளிட முடியாதவர்கள் பூசை முழுவதும் உட்கார்ந்திருக்கலாம். நன்மை வாங்க எழுந்து வரவேண்டாம். நானே பெஞ்சிக்கு வருவேன். 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தின்படி முதியவர்களும் நோயாளிகளும், அவர்களைப் பராமரிக்கிறவர்களும், ஒரு மணி நேரத்துக்குள் ஏதும் உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம். ஆதலால் கஞ்சி குடித்து, மருந்து சாப்பிட்டே வாருங்கள்.

"இந்தக் குழாய் வேண்டாமென்றால் பாவமா?" என்று சிலர் கேட்கிறார்கள். பாப்பு 12-ம் பத்திநாதர் 1957 நவம்பர் 24-ல் டாக்டர்களுக்கு ஆற்றிய உரையில் இதற்கு வழி காட்டினார். உயிரையும் சுகத்தையும் காக்க சாதாரண வழிகளைக் கையாள நாம் கடமைப்பட்டவர்கள். தனக்கோ பிறருக்கோ மிதமிஞ்சிய பாரமாகும் வழிகளுக்குக் கட்டாயமில்லை. பிராணவாயு பெரும்பாலோருக்குச் சாதாரண வழியே. வெட்கத்தினிமித்தம் மாத்திரம் அதைக் கழற்றி வைப்பது சரியல்ல. உடலுக்கோ குடும்பத்துக்கோ மெய்யாகவே தாங்கமுடியாத பாரமானால், டாக்டரோடும் என்னோடும் பேசுங்கள்.

வெட்கப்படுகிறவர்களுக்கு ஒரு முன்மாதிரிகை சொல்லுகிறேன். பாப்பு பிரான்சிஸ் வாலிபத்திலேயே வலது நுரையீரலின் ஒரு பகுதியை அறுவைச் சிகிச்சையில் இழந்தவர். 2025-ல் இரண்டு நுரையீரலிலும் நிமோனியா கண்டு 38 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஏப்ரல் 6-ந்தேதி, நோயாளிகளின் ஜூபிலி பூசை முடிவில், சக்கர நாற்காலியில், மூக்கில் பிராணவாயுக் குழாயோடு, அர்ச். இராயப்பர் சதுக்கத்துக்கு வந்தார். உலகமெல்லாம் பார்த்தது. அவர் குழாயை மறைக்கவில்லை. பதினைந்து நாளில் இறைவனடி சேர்ந்தார். ஜனங்கள் அன்று கண்டது குழாயை அல்ல, தங்கள் மேய்ப்பனை.

கப்பர்நாகூமில் திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிவந்து, கூட்டம் வழிவிடாததால் கூரையைப் பிரித்து சேசுநாதர் முன் இறக்கினார்கள். நம் கோவிலில் ஒருவரும் கூரையைப் பிரிக்கவேண்டிய நிலை வரலாகாது. வருகிற ஞாயிறு அந்தப் பாட்டியார் வரும்போது வழிவிடுங்கள். முகம் பார்த்து "ஸ்தோத்திரம் பாட்டி" என்று சொல்லுங்கள். அப்புறம் பீடத்தைப் பாருங்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி வீட்டுக்குள்ளேயே இருப்பவர் உண்டானால், பூசைக்கு வர ஆசையா என்று முதலில் அவரையே கேளுங்கள். ஆமென்றால் எனக்குச் சொல்லுங்கள். அழைத்துவர ஆள் ஏற்பாடு செய்வோம். வர இயலாதவர்களுக்கு நற்கருணை முன்போல் வீடு தேடி வரும்.

சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமியார்