நாற்பதில் வழுக்கும் சாலை

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகியவன் நான். டயரின் பிடிமானம் ஒரே சம்பளம் மாதிரி. பிரேக், திருப்பம் இரண்டுக்கும் அதிலிருந்துதான் பங்கு. பிரேக்கிலேயே முழுதையும் செலவழித்தால் வளைவுக்கு மிஞ்சாது. இப்போது ஓட்டும் அந்தமான் டிரங்க் ரோட்டிலும் இந்தக் கணக்கு பொய்க்கவில்லை. சம்பளம்தான் குறைந்துவிட்டது.

ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் ஊர். மழை என்றாலே தண்ணீரில் டயர் மிதக்கும் என்று பாடம் எச்சரிக்கும். விமான டயர்களுக்காக நாசா வகுத்த சூத்திரப்படி, 30 பிஎஸ்ஐ காற்றுக்கு அது நடக்க ஏறக்குறைய 90 கி.மீ. வேகம் வேண்டும். ஜிர்காடாங்கில் தொடங்கும் ஜாரவா பழங்குடிக் காப்பகத்துக்குள் கான்வாயில்தான் போக முடியும். வேக வரம்பு 40. அந்த வேகத்திலும் கார் வழுக்குகிறது. காரணம் தண்ணீரின் ஆழம் இல்லை. காட்டு நிழலில் காயாத பாசி, மட்கிய இலை, சரிவிலிருந்து வழிந்த செம்மண் சேறு. அதே 40-இல் பிரேக் பிடித்தபின் உலர்ந்த தாரில் 8 மீட்டரில் நிற்கிற வண்டி, நனைந்த தாரில் 16 மீட்டர் ஓடும். சேற்றில் 30 தாண்டும்.

பந்தயத்தில் பிரேக்கை வளைவுக்குள்ளும் கொஞ்சம் இழுத்துச் செல்வோம். எடை முன் டயர்களில் ஏறி, மூக்கு நன்றாகத் திரும்பும். இங்கே அதை அறவே விட்டுவிட்டேன். நேர் ரோட்டிலேயே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தபிறகே ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன்.

கான்வாய்க்குக் காத்திருந்தபோது ஒரு லாரி ஓட்டுநர் இறங்கி, செருப்புக் காலால் தாரை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். "கால் வழுக்கினா டயரும் வழுக்கும்ணே," என்றார். பிடிமானத்தை அதைவிடச் சீக்கிரமாக அளக்க எனக்கும் தெரியாது. காப்பகத்துக்குள் வண்டியை நிறுத்தக்கூடாது. அதைத் தாண்டி ரங்கத், மாயாபந்தர் பக்கம் போகும்போது நானும் தேய்த்துப் பார்க்கிறேன்.

மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடி கூடும் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். காற்று குறைந்தால் டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். டயர் பட்டன் 1.6 மி.மீ. ஆழம் வரை தேயலாம் என்கிறது சட்டம். 3 மி.மீ.யிலேயே நான் மாற்றிவிடுவேன்.

வளைவில் மூக்கு திரும்பாமல் நேராக ஓடினால், ஸ்டியரிங்கை மேலும் ஒடிக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, சக்கரத்தைச் சற்றே நேராக்குங்கள். பிடி திரும்பியதும் மெதுவாக வளையுங்கள்.