பிசிக்ஸ் உனக்கு வராது என்கிறார்களா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பஞ்சாயத்து நடக்கும். பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்பதுதான் வழக்கு. "கணக்கில் அறுபதுதானே வாங்கினாய், பிசிக்ஸ் உனக்கு வராது" என்று தீர்ப்புச் சொல்ல ஒரு பெரியப்பாவாவது வந்து உட்கார்ந்திருப்பார். அவர் பிசிக்ஸ் படித்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இப்படிக் காதுவழியாகவே வந்து சேர்ந்த நம்பிக்கைகளில் சிலவற்றை உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை: கணக்கில் புலியாக இருந்தால்தான் இயற்பியல் வரும்.

உண்மை: மைக்கேல் ஃபாரடே இங்கிலாந்தில் 1791-ல் பிறந்த கொல்லர் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகியவர். உயர்கணிதம் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. அவர்தான் 1831-ல் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து இழுத்து மின்சாரம் வரவழைத்தார். அனல், புனல், காற்றாலை என்று எதுவானாலும் ஜெனரேட்டர் சுழன்று மின்சாரம் தருவது அந்த வழியில்தான். ஆனால் ஃபாரடே கண்டதைச் சமன்பாடுகளாக வடிக்க மேக்ஸ்வெல் வர வேண்டியிருந்தது. ஆகவே கணக்கே வேண்டாம் என்று உங்களுக்கு ஆறுதல் சொன்னால் அதுவும் பொய். ஒன்றைப் பார்த்து "ஏன் இப்படி?" என்ற அரிப்பு வந்துவிட்டால், அதற்கு வேண்டிய கணக்கைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். அரிப்பு வராமல் சூத்திரத்தை மட்டும் உருப்போட்டால் மார்க் வரும், அதோடு சரி.

நம்பிக்கை: கனமான பொருள் வேகமாக ஆடும்.

உண்மை: நான் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு பூட்டை நூலில் கட்டி, நூலை மேலே மாட்டிய இடத்திலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை ஒரு மீட்டர் இருக்குமாறு தொங்கவிடுங்கள். லேசாக இழுத்து விடுங்கள். பத்து முறை போய்வர ஏறக்குறைய 20 விநாடி ஆகும். இப்போது அதைவிடக் கனமான பூட்டு. அதே 20 விநாடிதான்! நூலைக் கால் மீட்டராகக் குறைத்தால் எவ்வளவு ஆகும்? நீளம் நாலில் ஒன்றானதால் நேரமும் நாலில் ஒன்றாகும் என்றுதான் பலரும் சொல்வார்கள். எண்ணிப் பாருங்கள், 10 விநாடி வரும். பாடப்புத்தகத்தில் உங்களை மிரட்டும் அந்த வர்க்கமூலக் குறிக்கு இதுதான் அர்த்தம்.

நம்பிக்கை: சரியான விடை முன்பே தெரியும். அது வராவிட்டால் நம் சோதனை தப்பு.

உண்மை: இது பள்ளி லேபிலேயே பிறந்து வளர்ந்த நம்பிக்கை. இதே ஊசலை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனை பிளஸ் ஒன் செய்முறையில் உண்டு. விடை 9.8 என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பின்பக்கமாக நடக்கிறோம்: 9.8-ஐ முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற விநாடிகளை அட்டவணையில் நிரப்புகிறோம். நானும் நிரப்பியிருக்கிறேன். ரெக்கார்டு நோட்டில் 'நன்று' என்று சிவப்பு மையில் எழுதித் தந்தார்கள்.

ஜான் ரிஷேர் என்ற பிரெஞ்சுக்காரர் அப்படி நிரப்பவில்லை. 1672-ல் அவர் தென் அமெரிக்காவில் பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலுள்ள கயேனில் இருந்தார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் போல மெதுவாகப் போயிற்று. கடிகாரம் கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் மாதக்கணக்கில் அளந்து, ஊசலின் நீளத்தைச் சற்றே குறைத்தால்தான் சரியாக ஓடுகிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். பூமத்திய ரேகைப் பக்கம் ஈர்ப்பு சற்றுக் குறைவு, துருவத்தில் 9.83 என்றால் அங்கே 9.78. பூமி சுழல்வதும் நடுவில் புடைத்திருப்பதும் இதற்குக் காரணம். நியூட்டன் தம் பெருநூலில் ரிஷேரின் அளவைத் துணைக்கு எடுத்துக்கொண்டார். ரிஷேர் பாரிஸ் கணக்குக்குத் தோதாக விநாடிகளை நிரப்பியிருந்தால் அவரிடம் நியூட்டனுக்கு எடுக்க எதுவும் இருந்திருக்காது.

நம்பிக்கை: பெண்பிள்ளைக்கு பயாலஜி போதும்.

உண்மை: சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அன்னா மாணி, பீர்மேட்டில் 1918-ல் பிறந்தவர். பெங்களூரில் சி.வி.ராமனின் ஆய்வகத்தில் வைரங்களையும் மாணிக்கங்களையும் ஆராய்ந்தார். பிறகு வானிலைத் துறைக்குப் போய், வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த வானிலைக் கருவிகளை இங்கேயே செய்யவைத்தார். சுமார் 100 கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தியதும் அவர்தான். இதற்கு மேல் வாதம் தேவையில்லை.

செய்முறைத் தேர்வுக்கு வரும் ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். ஒரு பிள்ளை 9.4 என்று விடை எழுதி, அட்டவணையில் அடித்துத் திருத்திய எண்களோடு நின்றால், மார்க்கைக் குறைப்பதற்கு முன் நூலை எங்கிருந்து அளந்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.