நன்றி அறிதல்: சங்கத் தலைவர்களுக்கான பாடம்

வாசிக்க: நெகேமியா 3, 5, உரோமையர் 16

இடம்பெயர்ந்த மக்களிடையே இயங்கும் சங்கங்கள் பலவற்றை நாம் அறிவோம். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, முகாம் பொதுக்குழு என அவற்றின் பெயர்கள் வேறுபடும். தொடங்கும்போது முப்பது பேர் வருவார்கள். ஓராண்டின் பின் ஏழெட்டுப் பேரே மிஞ்சுவார்கள். விலகியவர்களைக் கேட்டால் முதலில் "நேரமில்லை" என்பார்கள். இன்னும் சற்றுப் பொறுமையாகக் கேட்டால் உண்மை வெளிவரும். "நான் போனாலும் ஒன்றுதான், போகாட்டிலும் ஒன்றுதான்."

இந்த ஒரு வசனத்தைப் பற்றியதே இப்பாடம். தம் உழைப்பை எவரும் காணவில்லை என்று எண்ணுகிறவர் மெல்ல மெல்ல விலகிப்போகிறார். அதைக் கண்டு, அறிந்து, சொல்வது தலைவரின் கடமைகளில் ஒன்றாகும்.

இலக்கமும் பெயரும்

1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி மக்களிற் பெருந்தொகையானோர் ஊரைவிட்டு வெளியேறினர். வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகிய இடங்களிலிருந்து குடாநாட்டுக்கு வந்தவர்களிற் பலர் 1995 ஒக்டோபரில் மீண்டும் இடம்பெயர்ந்தனர். ஊரில் ஒருவர் இன்னாரின் மகன், இன்ன வளவுக்காரர், நல்ல புகையிலைச் செய்கையாளர் என்று அறியப்பட்டிருந்தார். இடம்பெயர்ந்த பின் அவர் நிவாரண அட்டையில் ஓர் இலக்கமானார். வரிசையில் நிற்பவரிடம் எவரும் "உமக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்பதில்லை.

ஆகவே இடம்பெயர்ந்தவர் ஒருவரின் வேலையைப் பெயர் சொல்லிப் பாராட்டும்போது, அவர் இழந்தவற்றில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறோம். பிறரிடமிருந்து பெறுபவர் என்ற நிலையிலிருந்து, ஊருக்குக் கொடுப்பவர் என்ற நிலைக்கு அவர் உயர்கிறார்.

நெகேமியா எழுதிவைத்த பட்டியல்

கி.மு. 445 அளவில் நெகேமியா எருசலேமுக்கு வந்தபோது நகரின் மதில் இடிந்து கிடந்தது. நாடுகடத்தப்பட்டுத் திரும்பியவர்களின் சந்ததியினர் வறுமையில் இருந்தனர். அம்மக்களைக் கொண்டே ஐம்பத்திரண்டு நாட்களில் மதில் கட்டி முடிக்கப்பட்டது. வேலை நடந்த விதத்தை மூன்றாம் அதிகாரம் கூறுகிறது. வாசிப்பதற்குச் சலிப்பூட்டும் அதிகாரம் என்று பலர் அதைத் தாண்டிவிடுவர். அங்கே இருப்பது பெயர்கள்தான். இன்னார் இந்த வாயிலைக் கட்டினார், அவருக்கு அடுத்து இன்னார் இந்தப் பகுதியைப் பழுதுபார்த்தார் என்று பட்டியல் நீள்கிறது.

நான்கு விடயங்களைக் கவனிப்போம்.

முதலாவது, தலைமைக் குருவின் பெயரும், குப்பை வாயிலைத் திருத்திய மல்கியாவின் பெயரும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. நாற்றமெடுத்த இடத்தில் நின்றவரும் மறக்கப்படவில்லை.

இரண்டாவது, சல்லூம் என்பவருடன் அவருடைய புதல்வியரும் மதில் வேலை செய்தனர் என்று எழுதப்பட்டுள்ளது. பெண்களின் உழைப்பு வீட்டுத் தலைவரின் பெயருக்குள் மறைந்துபோகவில்லை.

மூன்றாவது, தெக்கோவா ஊரவர் தம் பங்கை முடித்துவிட்டு வேறொரு பகுதியையும் கட்டினர். இரண்டு தடவையும் அவர்களின் பெயர் வருகிறது. மேலதிகமாக உழைத்தவருக்கு மேலதிகமான குறிப்பு உண்டு.

நான்காவது, அதே ஊரின் பெரியவர்கள் வேலைக்குக் கழுத்துக் கொடுக்கவில்லை என்பதும் மறைக்கப்படவில்லை. செய்யாதவரையும் செய்தவரையும் ஒன்றாகச் சேர்த்து "எல்லோருக்கும் நன்றி" என்று சொல்வது, செய்தவருக்கு இழைக்கும் அநீதியாகும்.

புனித பவுலும் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதியில் இவ்வாறே செய்கிறார். பலரின் பெயரையும், அவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்தே சொல்கிறார். சொல்லச் சொல்ல எழுதிய தெர்த்தியுவுக்கும் தன் பெயரில் ஒரு வாழ்த்துக் கூற அங்கே இடம் கிடைக்கிறது.

அறிதல் முன்னே, சொல்லுதல் பின்னே

திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயர் "செய்ந்நன்றி அறிதல்" என்பதாகும். நன்றி என்பது அங்கே ஒருவர் செய்த நன்மையைக் குறிக்கும். அதனை அறிய வேண்டும் என்பதே கருத்து. இன்று நாம் நன்றி கூறுவதில் வல்லவர்களாகிவிட்டோம். பொன்னாடை, மாலை, நீண்ட நன்றியுரை எல்லாம் உண்டு. அறிதல்தான் குறைந்துவிட்டது.

எமது ஊர்களில் வெளிநாட்டு உறவுகளின் உதவியால் பல பொதுக் கட்டடங்கள் எழுந்துள்ளன. பணம் தந்தவரின் பெயரைக் கல்லிற் பொறிக்கிறோம். அது தகும். ஆனால் அத்திவாரம் வெட்டியவர், மண் சுமந்தவர், ஒவ்வொரு நாளும் தேநீர் வைத்துக் கொடுத்தவர் ஆகியோரின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா? கல்லில் இடமில்லையென்றாலும் சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் இடமுண்டு.

நடைமுறையில் எப்படி?

தீவுகளில் ஆறு இல்லை. மழைநீர் நிலத்துள் இறங்கி உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதையே கிணறுகளில் அள்ளுகிறோம். ஆகவே ஐப்பசி மழைக்கு முன் குளத்தைத் தூர்வாருவது ஊரின் உயிர்ப் பிரச்சினை. அப்படியொரு சிரமதானத்தை எடுத்துக்கொள்வோம்.

1. எழுதுங்கள். வரவுப் புத்தகத்தில் கையொப்பம் மட்டும் போதாது. யார் எந்த வேலை செய்தார் என்பதையும் குறியுங்கள். மண்வெட்டி இரவல் தந்தவர், உழவு இயந்திரம் கொண்டுவந்தவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆச்சி ஆகிய அனைவரும் அதில் வரவேண்டும்.

2. அன்றே, அவ்விடத்திலேயே சொல்லுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். வேலை முடிந்து கைகால் கழுவும் நேரம் போதும்.

3. செய்ததையும் அதனால் விளைந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நல்லாச் செய்தீங்கள்" என்பது காற்றோடு போய்விடும். "அக்கா, நீங்கள் பிள்ளையளைப் பார்த்தபடியால்தான் மூண்டு தாய்மார் வேலைக்கு வரக்கூடியதாய் இருந்தது" என்றால் அது மனதில் நிற்கும்.

4. ஆளறிந்து பாராட்டுங்கள். சபையில் எழுப்பி நிறுத்தினால் கூச்சப்படுவோர் உண்டு. கணவனை இழந்த பெண்கள் சிலர் ஊர்க்கண் தம்மேல் விழுவதை விரும்பமாட்டார்கள். அவர்களுக்கு வீட்டுப் படலையடியில் சொல்லும் இரண்டு சொற்கள் மேலானவை.

5. கருத்துக் கேளுங்கள். "ஐயா, இந்தக் குளத்துக்கு முந்தி எந்தப் பக்கத்தால தண்ணி வந்தது?" என்று முதியவர் ஒருவரைக் கேட்பதே பெரிய பாராட்டு. அவருடைய அறிவு இன்னும் வேண்டியிருக்கிறது என்பதை அவர் உணர்கிறார். ஊரைவிட்டு வெளியே பிறந்து வளர்ந்த இளையோரும் அதைக் கேட்டு அறிகிறார்கள்.

6. பொறுப்பைக் கொடுங்கள். ஒருவர் கணக்கை ஒழுங்காக வைத்திருந்தால் அடுத்த முறை அவரைப் பொருளாளராக்குங்கள். வேலையை மட்டும் பெற்றுக்கொண்டு பதவியைத் தம் உறவினருக்குள் வைத்திருக்கும் தலைவரின் புகழ்ச்சியை எவரும் நம்பமாட்டார்.

சொல் கூலிக்கு ஈடாகாது

நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை விட்டுவிட்டால் இப்பாடம் பாதியில் நின்றுவிடும். மதில் எழும்பிக்கொண்டிருந்தபோதே மக்கள் அழுதுகொண்டு வந்தனர். தானியத்துக்காக வயல்களையும் வீடுகளையும் தம் சொந்த இனத்தவரிடமே ஈடுவைத்திருந்தனர். நெகேமியா அவர்களின் உழைப்பைப் புகழ்ந்து அனுப்பிவிடவில்லை. செல்வர்களைக் கூட்டி, நிலங்களைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். ஆளுநருக்குரிய உணவுப்படியைப் பன்னிரண்டு ஆண்டுகள் தாமும் எடுக்கவில்லை. மதில் வேலையிலும் தாம் பங்குகொண்டார்.

எனவே கூலி தருவதாகச் சொல்லி வேலை வாங்கியிருந்தால், கூலியை உரிய நாளிற் கொடுப்பதே முதற் பாராட்டு. கணக்கை எல்லோரும் பார்க்க வைப்பது இரண்டாவது. தலைவரும் மண்வெட்டி பிடிப்பது மூன்றாவது. இவை இல்லாத இடத்தில் இனிய சொல் ஏமாற்றாகவே தோன்றும்.

இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் 1946 இல் பதிவுசெய்யப்பட்டது. அமுல் என்ற பெயரால் உலகம் அறிந்தது அதுவே. ஓரிரு மாடு வைத்திருந்த ஏழைக் குடும்பத்தின் பாலும் அவர்கள் கண்முன்னே அளந்து, தரம் பார்த்து, அதற்கேற்ற விலை தாமதமின்றி வழங்கப்பட்டது. சரியான அளவையும் காலந்தவறாத காசும் "உன் உழைப்பை மதிக்கிறோம்" என்று நாள்தோறும் சொல்லின.

தலைவரும் களைப்படைவார்

அந்த ஒன்றியத்தின் முதல் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல் 1970களின் தொடக்கத்தில் ஓய்வுபெற்றபோது, உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் சேர்த்து ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபாய் வழங்கினர். அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கிராமங்களின் தாய் சேய் நலப் பணிக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடக்கினார். நன்றி இரு திசையிலும் பாயும் என்பதற்கு இது சான்று.

எமது சங்கத் தலைவர்களிற் பலர் சம்பளமின்றி உழைப்பவர்கள். கமநல சேவை நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்து, பஸ்ஸுக்கும் படகுக்கும் சொந்தக் காசைச் செலவிடுபவர்கள். அவர்களுக்கும் எவராவது, "தம்பி, சாப்பிட்டீரோ?" என்று கேட்க வேண்டும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது சங்கத்திலிருந்து விலகியவர்கள் யார்? அவர்கள் செய்த வேலையை எவராவது எடுத்துச் சொன்னதுண்டா?

2. எமது ஊரில் "குப்பை வாயில்" வேலை எது? அதைச் செய்பவரின் பெயர் எமக்குத் தெரியுமா?

3. பெண்கள் செய்யும் எந்த வேலைகள் எமது அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை?

4. கொடுக்க வேண்டிய கூலியோ காட்ட வேண்டிய கணக்கோ நிலுவையில் உள்ளதா?

செயல்: அடுத்த கூட்டத்துக்கு முன் நெகேமியாவின் பட்டியலைப் போல ஒரு பட்டியல் எழுதுங்கள். கடந்த ஆறு மாதத்தில் யார் எந்தப் பகுதியைக் "கட்டினார்" என்பது அதில் இருக்கட்டும். கூட்டத்தில் அதை உரத்து வாசியுங்கள். வாசித்து முடிந்ததும் "யாரையாவது விட்டுவிட்டோமா?" என்று சபையிடம் கேளுங்கள். சபை சொல்லும் பெயர்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.