இனிப்புநீர் வியாதியும் கடைக்காரர் கால்களும்

 

நான் டாக்டரல்லன். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. இருபது வருஷங்களுக்கு மேலாகக் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் மளிகைக் கடைக்காரன். ஆயினும் ஒரு கால்விரலை விலையாகக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று என்னிடமிருக்கிறது. அதை நீங்கள் விலை கொடுக்காமலே பெற்றுக்கொள்ள வேண்டுமென்பதற்காக இதை எழுதுகிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸருக்குப் பிறகு கடையில் சரக்குப் பெட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தேன். மஃரிபுக்கு உளூச் செய்யக் காலை நீட்டியபோது தண்ணீர் சிவப்பாக ஓடிற்று. செருப்பைத் துளைத்துக்கொண்டு சுண்டுவிரலடியில் ஓர் ஆணி ஏறியிருந்தது. எப்போது ஏறியதென்றே எனக்குத் தெரியாது. வலியில்லாததால் அது சிறு காயமென்று எண்ணி, மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டு வியாபாரத்தைக் கவனித்தேன். ஒன்பதாம் நாள் காலிலிருந்து துர்வாடை வந்தது. டாக்டர் சோதித்தபோது இரத்தத்தில் சர்க்கரை 19 இருந்தது. சுண்டுவிரலை எடுத்துத்தான் பாதத்தைக் காப்பாற்றினார்கள். வலிக்கவில்லையே என்று நான் நிம்மதியாயிருந்தேன். வலிக்காததுதான் வியாதி என்று பின்னரே அறிந்தேன்.

வியாதியின் காரணம்

வயிற்றினுள் இரைப்பைக்குப் பின்புறம் கணையம் என்னும் உறுப்பு இருக்கிறது. அதில் சுரக்கும் இன்சுலின்தான், நாம் உண்ணும் உணவிலிருந்து வரும் சர்க்கரையை இரத்தத்திலிருந்து உடலின் தசைகளுக்குள் அனுப்புகிறது. நம்மில் பெரும்பாலோர்க்கு வருவது இரண்டாம் வகை. இதில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரிவரக் கட்டுப்படுவதில்லை. நாளாவட்டத்தில் சுரப்பும் குறைகிறது. பெற்றோருக்கு இவ்வியாதி இருத்தல், தொந்தி, நடையில்லாத பிழைப்பு ஆகியவை இதற்கு வழிகோலுகின்றன. கடையில் நாள் முழுதும் நிற்கிறோமே என்பீர்கள். நிற்பது வேறு, நடப்பது வேறு.

முதல் வகை அரிது. பெரும்பாலும் சிறுவர்க்கும் வாலிபர்க்கும் வரும். இதில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை உடலே அழித்துவிடுகிறது. பிள்ளை திடீரென இளைத்து, ஓயாது தண்ணீர் கேட்டு, வாந்தியும் வயிற்றுவலியும் பெருமூச்சுமாகக் கிடந்தால் அஜீரணமென்று கஷாயம் கொடுத்துக் காத்திராதீர்கள். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1921ம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அது ஊசியாகப் போடப்பட்டது. அதற்குமுன் இவ்வகை கண்ட பிள்ளைகள் பிழைப்பதே அரிதாயிருந்தது.

அறிகுறிகள்

அதிக தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமற்ற இளைப்பு, அசதி, மங்கிய பார்வை, ஆறாத புண் ஆகியவை அறிகுறிகளாம். ஆனால் பலருக்கு ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் தோன்றாது. 2023ம் ஆண்டு மலேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இது இருந்தது. அவர்களில் ஐந்துக்கு இருவர் தமக்கு வியாதி இருப்பதையே அறியாதிருந்தனர்.

நிற்க. சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருந்தால் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. பாதத்தின் நரம்பு மரத்துப்போனால் கல்லும் முள்ளும் சூடும் தெரியாது. இரத்த ஓட்டம் குன்றினால் புண் ஆறாது. இரண்டும் சேரும்போதுதான் காலை எடுக்கும்படி நேரிடுகிறது. கண்ணும் சிறுநீரகமும் இதே விதமாக ஓசையின்றிக் கெடும்.

சோதனை

வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தத்தில் சர்க்கரை 7 அல்லது அதற்கு மேல் என்றால் வியாதி உண்டென்று டாக்டர்கள் சந்தேகித்து மறுபடியும் சோதிப்பார்கள். எச்.பி.ஏ.ஒன்.சி. என்று மற்றொரு சோதனையும் உண்டு. விரலில் குத்திப் பார்ப்பது அன்றைய கல்லாப் பணத்தை எண்ணுவது போன்றது. இதுவோ மூன்று மாதக் கணக்கை முடித்துப் பார்ப்பது. டாக்டரிடம் போகுமுன் இரண்டு நாள் பட்டினி கிடந்து விரல் கணக்கைச் சரிக்கட்டலாம். மூன்று மாதக் கணக்கில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. பலருக்கு இது 7க்குக் கீழ் இருப்பது நலம். உங்களுக்குரிய அளவை உங்கள் டாக்டர் சொல்வார்.

சிகிச்சை

முதலாவது உணவு. கெட்டிப்பாலில் ஏறத்தாழப் பாதி சீனி. வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் தே தாரேக் வரவழைத்து அவரோடு நாமும் குடித்தால் நாளொன்றுக்கு எத்தனை குவளை! சீனியில்லாத 'தே ஓ கோசோங்' கேட்பதில் கஞ்சத்தனம் ஒன்றுமில்லை. சோற்றைக் குறைத்து, காய்கறியையும் மீனையும் கூட்டிக்கொள்ளுங்கள். தினமும் அரைமணி நேரமாவது வேகமாக நடக்க வேண்டும். புகைப்பவர் அதை விட்டொழிக்க வேண்டும்.

இரண்டாவது மருந்து. பெரும்பாலோர்க்கு முதலில் கொடுக்கப்படும் மெட்பார்மின், ஈரல் சர்க்கரையை அதிகமாக வெளிவிடாமல் தடுக்கிறது. உணவோடு சாப்பிட்டால் வயிற்றுக் கோளாறு குறையும். சர்க்கரை இறங்கியதும் குணமாகிவிட்டதென்று தாமாகவே மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஏமாறுகிறார்கள். இன்சுலின் ஊசி போடச் சொன்னால் அதை முடிவுகாலமென்று அஞ்சவும் வேண்டாம். மூட்டுவலிக்கென்று சந்தையில் விற்கும் பெயர் தெரியாத ஜாமு மருந்துகளை வாங்காதீர்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது வலியையும் அடக்கும்; சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

நோன்பாளிகள் ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரைக் கண்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பு நேரத்தில் சர்க்கரை 3.9க்குக் கீழ் இறங்கினாலும், 16.6க்கு மேல் ஏறினாலும் நோன்பைத் திறந்துவிடும்படி வைத்தியர்கள் சொல்கிறார்கள். வியர்வை, நடுக்கம், மயக்கம் கண்டால் சர்க்கரை இறங்கிவிட்டதென்று அறிந்து உடனே சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை வேண்டாமென்று தள்ளுவது பக்தியாகாது.

கால்களைக் காக்கும் வழி

உளூவில் ஐவேளையும் காலைக் கழுவுகிறோம். கழுவுவதோடு நில்லாமல் ஒரு வேளையேனும் பார்க்கவும் வேண்டும். உள்ளங்காலைப் பார்க்க முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்; அல்லது வீட்டாரிடம் காட்டலாம். விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைக்கவும். வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வெயில் காயும் பள்ளிவாசல் முற்றத்திலும், ஹஜ் உம்ராப் பயணத்திலும் இதில் அதிகக் கவனம் வேண்டும். சப்பாத்தை மாட்டுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். காய்ப்பைப் பிளேடால் சீவாதீர்கள். காலை வெந்நீரில் ஊறவைக்காதீர்கள். சிறு காயமானாலும் அன்றே காட்டுங்கள். ஆண்டுக்கொருமுறை கிளினிக்கில் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதாவென்று சோதித்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமாவும் கடைக்காரர்தாம். அவர் கணக்குப் புத்தகத்தில் ஒரு காசு பிசகினாலும் இரவு தூங்கமாட்டார். தம் பாதத்தை மட்டும் அவர் ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்து, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜும்ஆவுக்கு வந்தார்.

சகோதரர்களே! இன்றிரவு கடையைப் பூட்டிக் கணக்கை முடித்தபின், விளக்கை அணைக்குமுன் உங்கள் இரு பாதங்களையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நாளைக் காலை வெறும் வயிற்றோடு கிளினிக்குக்குப் போங்கள். கடையை ஒருமணி நேரம் பிந்தித் திறப்பதால் வியாபாரம் கெட்டுப்போகாது. வல்ல நாயன் நம் எல்லோருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக, ஆமீன்.