வைக்கோலை வயலுக்கே திருப்புங்கள்

அறுவடை முடிந்த சில நாட்களில் வயல்வெளிகளிற் புகை எழுவதைப் பல இடங்களிலும் காண்கிறோம். அறுவடை இயந்திரம் வரிசையாகக் கொட்டிச் சென்ற வைக்கோலுக்குத் தீ வைக்கப்படுகிறது. அடுத்த உழவுக்கு நிலம் விரைவில் வெளியாகிவிடும் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். வேலை குறைகிறது என்பது உண்மைதான். ஆயினும் அத்தீயில் எரிவது யாது என்பதை நீங்கள் ஒரு முறை கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஏக்கருக்கு 100 புசல் நெல் விளைந்தால் அதன் நிறை ஏறத்தாழ 2 தொன் ஆகும். வைக்கோலும் ஏறக்குறைய அதே நிறை இருக்கும். ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோகிராம் வரை நைதரசனும், 12 முதல் 17 கிலோகிராம் வரை பொற்றாசியமும், சுமார் ஒரு கிலோகிராம் பொசுபரசும் அடங்கியுள்ளன. பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொற்றாசியத்திற் பெரும் பகுதி நெல்மணிக்குச் செல்வதில்லை; வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. 2 தொன் வைக்கோலிலுள்ள பொற்றாசியத்தைக் கடையில் வாங்குவதாயின், மியூறியேற்றுப் பொற்றாசு 50 கிலோகிராம் மூடை ஒன்றுக்காவது நீங்கள் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

தீ வைத்தால் நைதரசன் அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும். பொற்றாசியம் சாம்பலில் எஞ்சினாலும், காற்று ஒரு பங்கையும் முதல் மழை மறு பங்கையும் கொண்டு செல்கின்றன. சூடடித்த களத்தில் குவித்து விடுவதும் நட்டமே. களம் இருந்த இடத்தில் மாத்திரம் பயிர் கருகருவென்று செழித்து நிற்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். வயல் முழுவதற்கும் உரிய பசளை அங்கே ஓரிடத்தில் தேங்கிவிட்டது. புகையினால் அயலிலுள்ள தொய்வு நோயாளர் படும் துன்பமும், வேலிக்கும் பனைகளுக்கும் தீ பரவும் ஆபத்தும் வேறு.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது, தொடர்ந்து வந்த பெரும்போகத்தில் விளைச்சல் பெரிதும் வீழ்ந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சேதனப் பசளையை ஒரே மாதத்தில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. போகந்தோறும் சேர்த்து வருதல் வேண்டும். வைக்கோல் மாத்திரம் பயிருக்குப் போதும் என்றும் எண்ண வேண்டாம். நைதரசன் தேவையில் ஒரு சிறு பங்கையே அது ஈடுசெய்யும். பொற்றாசுச் செலவையே அது நன்கு குறைக்கும்.

வைக்கோலை வயல் முழுவதும் ஒரே சீராகப் பரப்பி, மண் ஈரமாயிருக்கும்போது ஆழமின்றி உழுது புரட்டுங்கள். இதனை விதைப்புக்கு மூன்று வாரத்துக்கு முன்னராவது செய்துவிட வேண்டும். புதிய வைக்கோலை நீர் தேங்கிய வயலில் மிதித்து உடனே விதைப்பவர்கள், நாற்று மஞ்சளாகி நிற்பதைக் கண்டு வைக்கோலைப் பழிக்கிறார்கள். பிழை வைக்கோலில் இல்லை. அதனை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்வதாலும், நீரின் கீழ் உண்டாகும் அமிலங்கள் வேரைத் தாக்குவதாலுமே இது நிகழ்கிறது. அவ்வாறு நீருக்குள் உக்கும்போது மெதேன் வாயுவும் மிகுதியாக வெளியேறி வளிமண்டலத்தைக் கெடுக்கிறது.

பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடையே நாட்கள் போதாத இடங்களிலும், களைநெல் மிகுந்த வயல்களிலும் கூட்டெரு தயாரித்தலே நன்று. ஐந்தடி அகலத்தில், நன்கு நனைத்த வைக்கோலை ஓரடி உயரத்துக்குப் பரப்புங்கள். அதன்மேல் கிளிரிசீடியா, பூவரசு போன்ற பச்சை இலைகளை இட்டு, சாணக் கரைசலைத் தெளியுங்கள். இவ்வாறு நான்கைந்து அடி உயரும்வரை மாறி மாறி அடுக்கி, மேலே கிடுகினால் மூடுங்கள். சில நாட்களின் பின் ஒரு தடியை நடுவிற் செலுத்தி எடுத்துப் பாருங்கள். தடி சுட்டால் குவியல் சரியாக வேலை செய்கிறது. அச்சூட்டில் களைவிதைகளும் இறக்கும். தடி குளிர்ந்து உலர்ந்திருந்தால் நீர் போதாது. குளிர்ந்து நாறினால் நீர் மிகுந்து காற்று குறைந்துவிட்டது என்று பொருள்; உடனே பிரித்துப் புரட்டுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெளிப்புறம் உள்ளே போகுமாறு புரட்டினால் மூன்று மாதமளவில் கூட்டெரு கறுத்து, மண்வாசனை வீசும்.

மாடு வளர்ப்போர் வைக்கோலைத் தீவனமாக்கி, எருவை வயலுக்குக் கொடுப்பதும் இதே பயனைத் தரும்.

மரக்கறிச் செய்கையாளருக்கும் வைக்கோல் உதவும். மிளகாய், கத்தரி, தக்காளிப் பாத்திகளில் மூன்று அங்குலத் தடிப்பில் மூடாக்கு இட்டால் ஈரம் காக்கப்படும், களையும் குறையும். கிணற்று நீரையே நம்பியிருக்கும் யாழ்ப்பாணத்தில் இதன் அருமை பெரிது. அங்கு சுண்ணக்கல் நிலத்தினூடாக யூரியாவும் எருவும் கரைந்து சென்று, பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்துள்ளது. தோட்டத்துக்கு இறைக்கும் அதே நீரைத்தான் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். இறைப்பு குறைந்தால் கரைந்து இறங்குவதும் குறையும். கோவாவின் கழிவிலைகளையும் அழுகிய காய்களையும் வாய்க்காலில் வீசாது கூட்டெருக் குவியலின் நடுவே இடுங்கள். வைரசு நோய் கண்ட செடிகளை மாத்திரம் அதிற் சேர்க்காது, பிடுங்கி அழித்துவிடுங்கள்.

பொற்றாசு அளவை எவ்வளவு குறைக்கலாம் என்பது உங்கள் மண்ணைப் பொறுத்தது. மண் மாதிரியைப் பரிசோதிப்பிப்பது பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.