சுயாதீன இயக்குநர்களின் தொழில்வாழ்வு: குறும்படமும் ஆவணப்படமும்

முன்னுரை

குறும்படம், ஆவணப்படம் ஆகிய இரண்டும் விழாக்களிலும் விருதுப் பட்டியல்களிலும் இணைத்தே சுட்டப்படுகின்றன. குறைந்த பொருட்செலவு, சிறிய படப்பிடிப்புக் குழு, வணிகத் திரையரங்கிற்கு வெளியே காட்டப்படுதல் ஆகிய பொதுத்தன்மைகள் இதற்குக் காரணமாகும். எனினும், இவற்றை உருவாக்குவோரின் தொழில்வாழ்வு ஒரே தன்மையுடையதன்று. குறும்பட இயக்குநரின் வளர்ச்சியை அளக்கும் அளவுகோல் ஆவணப்பட இயக்குநருக்குப் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வாயிலாக அமையும் குறும்படம்

தமிழ்த் திரைத்துறையில் நெடுங்காலம் உதவி இயக்குநர் பணியே இயக்குநராவதற்குரிய வழியாக இருந்தது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியும் யூடியூப் தளமும் இந்நிலையை மாற்றின. அந்நிகழ்ச்சியில் பங்கேற்ற கார்த்திக் சுப்புராஜ் 'பீட்சா' (2012) வழியாகவும், நலன் குமரசாமி 'சூது கவ்வும்' (2013) வழியாகவும் திரைப்பட இயக்குநராயினர். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' (2012) அதே பெயரிலமைந்த அவரது குறும்படத்தின் விரிவாகும். இவர்களுக்குக் குறும்படம் தயாரிப்பாளரிடம் காட்டத்தக்க திறன்சான்றாக அமைந்தது. குறும்படத்தில் இட்ட முதல் திரும்பக் கிடைக்காவிடினும், அடுத்த நிலைக்கான வாய்ப்பே அதன் பயனாகக் கொள்ளப்பட்டது.

தொடர்ச்சியாக அமையும் ஆவணப்படம்

ஆவணப்பட இயக்குநருக்கு இத்தகைய அடுத்த நிலை இல்லை. 1948இல் தொடங்கப்பட்ட பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த படங்களைத் திரையரங்குகள் கட்டாயமாகத் திரையிட வேண்டியிருந்தது. அரசை விமர்சிக்கும் சுயாதீனப் படங்களுக்கு அவ்வாய்ப்பு இல்லாமையால், இயக்குநர்கள் தமக்கான பார்வையாளரைத் தாமே திரட்ட நேர்ந்தது.

ஆனந்த் பட்வர்தனின் பணி இதற்குத் தக்க சான்றாகும். மும்பையின் குடிசைவாழ் மக்களைப் பற்றிய அவரது 'ஹமாரா ஷஹர்' (1985) படத்தில் பாடகர் விலாஸ் கோக்ரே இடம்பெற்றார். 1997இல் ரமாபாய் நகரில் தலித் மக்கள்மீது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து கோக்ரே தற்கொலை செய்துகொண்டார். அந்நிகழ்வில் தொடங்கிய 'ஜெய் பீம் காம்ரேட்' 14 ஆண்டுகளுக்குப் பின் 2011இல் நிறைவுற்றது. இங்கு ஒரு படத்தின் மாந்தருடன் ஏற்பட்ட உறவே மற்றொரு படத்தின் தோற்றுவாயாகிறது.

தமிழ்ச் சூழலில் துப்புரவுத் தொழிலாளியின் அன்றாடத்தைப் பதிவுசெய்த 'பீ' (2003) என்னும் படத்தின் இயக்குநர் அமுதன், மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவையும் ஒருங்கிணைத்து வருகிறார். படைப்பாளரே திரையிடல் அமைப்பாளராகவும் செயற்படுதல் இத்துறையின் தனித்தன்மை எனலாம்.

தணிக்கையும் தொழில்வாழ்வும்

தணிக்கை இருவகைப் படங்களுக்கும் உரியதெனினும், நிகழ்கால அரசியலைப் பேசும் ஆவணப்படத்தையே மிகுதியும் பாதிக்கிறது. பட்வர்தனின் 'வார் அண்ட் பீஸ்' 2003இல் மும்பை உயர்நீதிமன்ற ஆணைக்குப் பின்னரே வெட்டின்றிச் சான்றிதழ் பெற்றது. தனுஷ்கோடி மீனவர் வாழ்வை ஆவணத்தன்மையுடன் புனைந்த லீனா மணிமேகலையின் 'செங்கடல்' மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் வழி 2011இல் அனுமதி பெற்றது. அத்தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டமையால், இனி உயர்நீதிமன்றத்தையே நாட வேண்டும். நிறுவனப் பின்புலமற்ற தனி இயக்குநருக்கு வழக்கிற்குச் செலவாகும் பணமும் காலமும் அடுத்த படத்திற்கு உரியவை என்பது கருதத்தக்கது.

முடிவுரை

குறும்பட இயக்குநரின் தொழில்வாழ்வை அவர் சென்றடைந்த இடத்தைக் கொண்டு மதிப்பிடலாம். ஆவணப்பட இயக்குநரின் தொழில்வாழ்வை அவர் விடாது தொடர்ந்த பொருளைக் கொண்டே மதிப்பிட இயலும். இவ்வேறுபாட்டைக் கருதாத திரை வரலாறு, திரைப்படத்திற்குச் சென்றோரை மட்டுமே பதிவுசெய்யும். எஞ்சியோரைத் தோல்வியுற்றோராகக் காட்டும். எனவே திரையிடல் அறிவிப்புகள், துண்டறிக்கைகள், வழக்கு ஆவணங்கள், படப் பிரதிகள் ஆகியவற்றைத் தொகுத்துக் காத்தல் தமிழ்த் திரையாய்வின் உடனடிப் பணியாகும்.