சாலை வழியே லத்தீன் கற்போம்



லத்தீன் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது என்ன? கோவிலில் எப்போதாவது ஒலிக்கும் பழைய கீதம்; குருமட மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இலக்கணம்; பெண்பிள்ளைகளுக்குத் தேவையில்லாத ஒரு செத்த மொழி. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முன் நம் பாட்டிமார் லத்தீன் திருப்பலியில்தான் முழந்தாளிட்டனர். ஆனால் பொருள் சொல்லித்தர ஆளில்லாததால், அவர்களுள் பெரும்பாலோர் ஒலியை மட்டுமே அறிந்திருந்தனர். அவர்களுக்குக் கிட்டாத பொருளை நாம் தேடினால் என்ன? அதற்கு ஏற்ற வழி, சாலை வழியேதான்!

ரோமானியர் சாலை போடுவதில் வல்லவர்கள். அவர்களுடைய புகழ்பெற்ற அப்பியா சாலை கி.மு. 312-இல் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் அப்பியுஸ் கிளவுதியுஸ் என்னும் அதிகாரி. அவர் பெயரையே சாலையும் பெற்றது. படைகள் விரைந்து செல்லவே அது முதலில் போடப்பட்டது. பின்னர் வணிகரும் அஞ்சல்காரரும் யாத்திரிகரும் அதில் நடந்தனர். கைதியாக ரோமுக்குக் கொண்டு செல்லப்பட்ட புனித பவுலும் அவ்வழியே நடந்தார். 'மூன்று சத்திரம்' என்னும் இடம்வரை விசுவாசிகள் வந்து அவரை எதிர்கொண்டதைத் திருத்தூதர் பணிகள் 28-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

இனி முதல் பாடம். சாலைக்கு லத்தீனில் 'விய' என்று பெயர். பேருந்துப் பலகையில் ஆங்கிலத்தில் ஊர்ப்பெயருக்கு முன் எழுதும் 'வயா' என்ற சொல் இதுவேதான். ஆக, பேருந்தில் ஏறத் தெரிந்த ஒவ்வொருவரும் ஒரு லத்தீன் சொல்லையாவது அறிந்தவரே!

இரண்டாம் பாடம் தூரம். வலக்கால் ஊன்றிய இடத்திலிருந்து மீண்டும் வலக்கால் ஊன்றும் இடம்வரை உள்ள அளவை ரோமானியர் 'பஸ்ஸுஸ்' என்றனர். அது அவர்கள் கணக்கில் 5 அடி. 'மில்லெ' என்றால் ஆயிரம். ஆயிரம் பஸ்ஸுஸ் சேர்ந்தது அவர்களின் மைல். 'மைல்' என்ற சொல்லே இந்த 'மில்லெ'யிலிருந்து பிறந்தது. அது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1,480 மீட்டர். மைல்தோறும் அவர்கள் கல் நட்டனர். கல்லுக்கு 'லபிஸ்' என்று பெயர். 'மூன்றாம் கல்லில்' என்று சொன்னால் மூன்று மைல் தூரத்தில் என்பது அவர்கள் வழக்கு. நம் கிராமங்களிலும் பெரியவர்கள் 'அந்த ஊர் மூன்று கல் தொலைவு' என்பார்கள் அன்றோ? குற்றாலம் பேரருவியிலிருந்து ஐந்தருவி ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஆகவே ஒரு ரோமானியச் சிறுமி நம்முடன் நடந்து வந்தால், மூன்றாம் கல்லைத் தாண்டிச் சற்று நடந்ததும் அருவியின் இரைச்சலைக் கேட்பாள்.

மூன்றாம் பாடம் இலக்கணம். பயப்பட வேண்டாம், இதில்தான் தமிழ்ப் பெண்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ஆங்கிலத்தில் ஓர் ஊருக்கு, ஊரில், ஊரிலிருந்து என்று சொல்ல ஊர்ப்பெயருக்கு முன்னால் தனித்தனிச் சொற்களைச் சேர்க்க வேண்டும். நாமோ தென்காசிக்கு, தென்காசியில், தென்காசியிலிருந்து என்று சொல்லின் கடைசியையே மாற்றுகிறோம். லத்தீனும் அப்படியே.

'ரோம' என்றால் ரோம் நகரம். 'ரோமம்' என்றால் ரோமுக்கு. (தலைமுடி அல்ல!) 'ரோமை' என்றால் ரோமில். 'ரோமா' என்று நீட்டினால் ரோமிலிருந்து. முதற்சொல்லுக்கும் கடைசிச் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு குறிலும் நெடிலும் மட்டுமே. பிறநாட்டு மாணவர்க்கு இதை உணர்த்த எழுத்தின் மேல் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். முதல் வகுப்பிலேயே அ, ஆ என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்தக் கோடு எதற்கு?

வினைச்சொல்லும் அவ்வாறே. 'எஓ' என்றால் போகிறேன். 'ஈஸ்' என்றால் போகிறாய். 'ஈமுஸ்' என்றால் போகிறோம். நான், நீ, நாம் என்று தனியே சொல்லத் தேவையில்லை. விகுதியே ஆளைக் காட்டிவிடும். 'ரோமம் ஈமுஸ்': ரோமுக்குப் போகிறோம். தமிழிலும் இரண்டே சொற்கள், லத்தீனிலும் இரண்டே சொற்கள்!

இந்த ஒற்றுமையை நமக்கு முன்பே பயன்படுத்தியவர் ஒருவர் உண்டு. இத்தாலியில் 1680-இல் பிறந்து, நம் நெல்லைச் சீமையில் காமநாயக்கன்பட்டியிலும் பணிபுரிந்த வீரமாமுனிவரே அவர். பேச்சுத் தமிழுக்கு அவர் லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அவர் லத்தீன் வழியாகத் தமிழைக் கற்பித்தார். நாம் தமிழ் வழியாக லத்தீனைக் கற்கிறோம். சாலை ஒன்றுதான், திசைதான் வேறு.

ரோமானியரின் பயணம் இத்தாலிக் கரையோடு முடியவில்லை. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர் நம் நாட்டுக்கு வரும் வழியை எழுதி வைத்துள்ளார். எகிப்தில் நைல் நதியில் படகேறிக் கொப்தோஸ் நகரை அடைய வேண்டும். அங்கிருந்து ஒட்டகங்களுடன் பாலைவனத்தில் 12 நாள் பயணம். பிறகு செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் கப்பல் ஏறி, காற்றின் உதவியால் முசிறியை அடைய வேண்டும். முசிறி சேரநாட்டுத் துறைமுகம். பழைய ரோமானியச் சாலைப் படம் ஒன்றின் பிற்காலப் பிரதி வியன்னா நகரில் உள்ளது. ஏறத்தாழ 7 மீட்டர் நீளமுள்ள அப்படத்தின் கீழ்த்திசை ஓரத்தில் முசிறியின் பெயரைக் காணலாம்.

அவர்கள் எதற்காக வந்தார்கள்? முக்கியமாக மிளகுக்காக. மிளகுக்கு லத்தீனில் 'பிபெர்'. நம் 'திப்பிலி'யின் உறவுச் சொல் அது. காரத்தைத் தவிர வேறு சிறப்பில்லாத இப்பொருளுக்கு இவ்வளவு பொன்னா என்று பிளினி அலுத்துக்கொண்டார். அந்தப் பொன்னும் வெள்ளியும் கோவை, கரூர்ப் பகுதிகளில் ரோமானிய நாணயங்களாக இன்றும் மண்ணிலிருந்து கிடைக்கின்றன.

இன்னொன்றையும் நினைத்துப் பார்ப்போம். அக்கப்பல்களை முசிறிக்கு உந்தி வந்தது தென்மேற்குப் பருவக்காற்று. அதே காற்றுதான் ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து, குற்றாலத்தில் சாரலாகத் தூவி, ஐந்தருவியின் ஐந்து பிரிவுகளையும் நிரப்புகிறது. ஆகவே ரோமும் ஐந்தருவியும் ஒன்றையொன்று அறியாத ஊர்கள் அல்ல. ஒரே காற்றால் பயன்பெற்றவை.

கடைசியாக ஒரு சொல். ரோமானியர் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு சென்ற உணவுக்கும் செலவுக்கும் 'வியாத்திகும்' என்று பெயர். அருவிக்குப் போகும் குடும்பங்கள் மூட்டை கட்டிச் செல்லும் புளியோதரையும் தயிர்ச்சாதமும் போன்றதே அது. திருச்சபை இச்சொல்லை எடுத்து, மரணப் படுக்கையில் இருப்பவருக்கு அளிக்கும் நற்கருணைக்குப் பெயராக வைத்தது. நீண்ட வழிக்குக் கட்டுச்சோறு! இந்தப் பொருளை அறிந்தபோது எங்கள் வகுப்பே சற்று நேரம் மௌனமாயிற்று. இப்பெயரோடு விடைபெற்றுச் சென்ற நம் பாட்டிமாரில் எத்தனை பேருக்கு யாராவது இதன் பொருளை எடுத்துச் சொல்லியிருப்பார்கள்?

தோழியரே, பொருள் அறியாமல் ஒலியை மட்டும் சுமப்பது மூடிய பொதியைச் சுமப்பதற்கு ஒப்பாகும். பொதியை அவிழ்க்கும் உரிமை ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. ஒரு நாளைக்கு ஒரு சொல் கற்போம். இன்று ஒரு கல், நாளை ஒரு கல் என்று நடப்போம். ஈமுஸ், போகிறோம்!